‘என்ன வேலை’ என்ற கட்டத்தில் நான் எழுதியது

இதை எழுத உட்கார்ந்துவிட்டு எத்தனையோ தடவை எழுந்து போயிருக்கிறேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். ஆனால் தயங்கியதற்குக் காரணம் அது இல்லை. எழுதிவிட்டு எங்கள் தெருப் பெண்களின் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கூச்சம்தான். கிருத்திகைக்குக் கிருத்திகை திருப்போரூர் முருகன் சந்நிதியில் நின்று இதைச் சொல்லி அழுதிருக்கிறேன். சாமியிடம் சொல்லியாயிற்றே, அப்புறம் ஊருக்கு எதற்கு என்று சில வருஷம் ஓடிவிட்டது. நான் தப்பு செய்தது சாமிக்கு இல்லை, ஊருக்கு என்று உறைக்க அத்தனை நாளாயிற்று.

எங்கள் ஊர் திருப்போரூருக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. எங்கள் அப்பா அம்மா காலம் வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலைதான். அந்த நிலமெல்லாம் மனைகளாகி விற்றுப்போன பிறகு பிழைப்பு வேனில் வந்து நின்றது. விடிவதற்குள் தெருமுனைக்கு வேன்கள் வந்துவிடும். ஒன்று ஐடி கம்பெனிக்கு, ஒன்று அணுமின் பிளான்ட் ஊழியர்களின் அணுபுரம் குடியிருப்புக்கு, ஒன்று மாமல்லபுரம் பக்கத்து ரிசார்ட்டுகளுக்கு. போகிறவர்கள் அங்கே கூட்டுகிறவர்கள், கழுவுகிறவர்கள், செடிக்குத் தண்ணீர் விடுகிறவர்கள். எல்லாம் கான்ட்ராக்ட் வேலை.

எங்கள் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. என்ன வேலை என்று கேட்டால் வேலையைச் சொல்ல மாட்டார்கள், இடத்தைச் சொல்வார்கள். “ஐடி கம்பெனில கீறேன்.” “பிளான்ட்ல கீறாரு.” அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்பது மரியாதை இல்லை. இதைப் பொய் என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் மனசு வரவில்லை. யாருடைய ஆள் நீ என்று கேட்கப்பட்டே வளர்ந்தவர்கள் எங்கள் பெற்றோர். அவர்களின் பிள்ளைகள் கம்பெனி வாசலில் இருக்கும் பெயர்ப் பலகையைத் தங்கள் பதிலாக வைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

சில வருஷத்துக்கு முன்னால் அரசாங்கக் கணக்கெடுப்புக்கு வீடு வீடாகப் போய் வேலை விவரம் எழுத மகளிர் குழுவில் இருந்து பெண்களை எடுத்தார்கள். நானும் ஒருத்தி. திருப்போரூரில் ஒரு மண்டபத்தில் ஒரு நாள் பயிற்சி. செங்கல்பட்டிலிருந்து ஒரு அதிகாரி அம்மா வந்திருந்தார்.

“நாங்க செங்கல்பட்டுல உக்காந்துக்கிட்டு இருக்கோம். எந்த ஊர்ல யாருக்கு என்ன தொழில் தெரியும், யார் வேலை இல்லாம இருக்காங்க, எங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க எழுதுறத வச்சுத்தான் பயிற்சி மையம் எங்கே, என்ன பயிற்சி, காலைல பஸ் எந்த ஊருக்குன்னு முடிவு பண்ணுவோம்” என்றார். பிறகு தாளில் ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். “‘எங்கே வேலை’ன்னு ஒரு கட்டம். பக்கத்துல ‘என்ன வேலை’ன்னு ஒண்ணு. ரெண்டாவதுதான் முக்கியம். கம்பெனி பேரோட விட்டுடாதீங்க. அங்க போய் அவங்க கை என்ன பண்ணுதுன்னு எழுதுங்க.”

நன்றாகக் கேட்டுக்கொண்டேன். கேட்காமல் செய்த தப்பு இல்லை இது.

ஒரு மையம்தான் வரப்போகிறது, எங்கள் ஊரும் பட்டியலில் இருக்கிறது என்று பேச்சு. பழைய சத்துணவுக் கட்டடத்தைத் தரப் பஞ்சாயத்தில் சம்மதித்திருந்தார்கள். ஆஸ்பத்திரி உதவியாளர் பயிற்சியும் அதில் உண்டு. இதற்காக எங்கள் தெருவில் ஒருத்தி காத்திருந்தாள்.

எதிர்வீட்டு அக்காவின் மகள். பன்னிரண்டாவது முடித்தவள். அவள் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் அவள்தான் பார்த்துக்கொண்டாள். பக்கத்துப் படுக்கைக்காரர்களையும் சேர்த்துப் புரட்டிப்போட்டுத் துடைத்துவிடுவாள். அப்பா போன பிறகு ஐடி கம்பெனி வேனில் ஏறினாள். கழிவறை கழுவும் வேலை. மதியம் வீட்டுக்கு வந்துவிடுவாள். தூரமாக அனுப்ப அவள் அம்மாவுக்கு மனசு இல்லை.

“சித்தி, அந்த சென்டரு நம்ம ஊருக்கே வந்துடுமா?” என்று என்னிடம் கேட்டாள். “வந்துச்சின்னா மத்தியானம் வந்து துன்னுட்டு நடந்தே பூடுவேன். அம்மாவும் ஒண்ணியும் சொல்லாது.”

“வரும்டி. முருகன் கொண்டாந்து வுடுவான்” என்றேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஆரம்பித்தேன். முதல் தாளின் ஓரத்தில் சின்னதாகப் பிள்ளையார் சுழி போட்டேன். மளிகைச் சீட்டுக்குக்கூடப் போடுகிறவள், இதற்குப் போடாமல் இருப்பேனா. முதல் வீடாக எதிர்வீட்டுக்குப் போனேன். உள்ளே பாய் விரித்திருந்தது. பெண் பார்க்க வந்திருந்தார்கள். அப்புறம் வருகிறேன் என்று திரும்பினேன். அக்கா விடவில்லை.

“வாம்மா, வந்து குந்து. கெவுருமெண்டுக்கு எழுதினு போறா எந்தங்கச்சி” என்று வந்தவர்களிடம் சொன்னார். அந்தப் பெருமையில் நானும் உட்கார்ந்துவிட்டேன். எழுந்து போயிருக்க வேண்டும்.

பெயர், வயசு, படிப்பு எல்லாம் எழுதியாயிற்று. “எங்க வேலை?” என்றேன்.

“ஐடி கம்பெனில” என்றார் அக்கா.

அடுத்த கட்டம். கேட்க வாய் வரவில்லை. அக்கா என்னையே பார்த்தார். மாப்பிள்ளையின் மாமா காபியை ஆற்றிக்கொண்டே, “பாப்பாவுக்கு கம்ப்யூட்டரா?” என்றார்.

“கம்ப்யூட்டரு கீற எடந்தான் அண்ணாத்த” என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே ‘அலுவலக உதவி’ என்று எழுதினேன்.

கடைசிக் கட்டம், பயிற்சி ஏதாவது வேண்டுமா என்பது. “அதெல்லாம் இன்னாத்துக்கு? கல்யாணம் ஆவப்போற பொண்ணு” என்றார் அக்கா. ‘தேவையில்லை’ என்று எழுதினேன். காபித் தட்டோடு என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள் அவள். தாளைப் பார்த்தாள். தட்டோடு உள்ளே போய்விட்டாள்.

மதியத்துக்குள் தெருவெல்லாம் தெரிந்துவிட்டது. நாலாவது வீட்டில் ஒரு அம்மா வழிமறித்தார். “அவ பொண்ணுக்கு ஆபீசு, எம்பொண்ணுக்கு மட்டும் தொடப்பமா? ஒரே வேன்ல தானே போவுதுங்க. இன்னா நியாயம் இது?” அவர் கேட்டதும் நியாயம்தான். அவருக்கும் ‘அலுவலக உதவி’, பயிற்சி ‘தேவையில்லை’ என்று எழுதினேன், அடுத்த வீட்டுக்கும் அப்படியே எழுதினேன். மூன்று நாளில் எங்கள் தெருவில் துடைப்பம் பிடிக்கிற கை ஒன்றுகூடக் காகிதத்தில் இல்லை.

என் வீட்டுக்காரர் அணுபுரத்தில் குடியிருப்புகளைச் சுற்றிப் புல் வெட்டுகிறார், கான்ட்ராக்டில். அவருக்கும் ‘பிளான்ட் ஊழியர்’ என்று எழுதினேன். சாப்பிடும்போது கேட்டார்.

“எனுக்கு இன்னா போட்ட?”

சொன்னேன்.

“போட்டதுதான் போட்ட, சயின்டிஸ்ட்டுன்னு போட்டிருக்கக்கூடாதா” என்றார். கேலிதான். ஆனால் அன்றைக்கு இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதைப் பார்த்து, நல்லதுதானே செய்திருக்கிறேன் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

சரிபார்க்க ஒருவர் வண்டியில் வந்தார். நாலைந்து வீட்டில் கேட்டார். எல்லோரும் நான் எழுதியதையே சொன்னார்கள். தாள்களைப் புரட்டியவர் சுழியைப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா, ஃபாரத்துல புள்ளையார் சுழி?” என்றார்.

“பழக்கம் சார்.”

“சாமி பேர்ல ஆரம்பிச்சிருக்கீங்க, தப்பு இருக்காது” என்று கையெழுத்துப் போட்டார். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை, மறுநாள் போயும் சொல்லவில்லை.

சில மாதம் கழித்துக் கிராமசபையில் ஒரு வரைபடத்தைச் சுவரில் ஒட்டி விளக்கினார்கள். வேலையும் பயிற்சியும் அதிகம் தேவைப்படுகிற ஊர்களுக்குச் சிவப்பு. தேவை குறைவான ஊர்களுக்குப் பச்சை. எங்கள் ஊர் நல்ல பச்சையாக இருந்தது. “இந்த ஊர்ல அலுவலக வேலையில இருக்கிறவங்க அதிகம். பயிற்சி கேட்டவங்க ரொம்பக் குறைவு. சந்தோஷமான விஷயம்” என்றார் பேசியவர். சிலர் கை தட்டினார்கள். மையம் வேடந்தாங்கல் பக்கத்தில் ஒரு ஊருக்குப் போயிற்று. காலைப் பஸ்ஸும் அந்தப் பக்கம்தான். அந்த ஊர்க்காரர்கள் கூலி என்றால் கூலி என்றும், இல்லை என்றால் இல்லை என்றும் சொல்லி எழுத வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் அது வேண்டியதுதான். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

எங்களுக்கும் ஒன்று வந்தது. அலுவலக வேலையில் இருப்பவர்கள் அதிகம் அல்லவா, அவர்கள் மேலே வர ஒரு கம்ப்யூட்டர் முகாம். எங்கள் பெண்கள் நல்ல புடவை கட்டி, கைப்பையோடு வந்து உட்கார்ந்தார்கள். சொல்லிக்கொடுக்க வந்த பையன், “ஆபீஸ்ல எந்த சாஃப்ட்வேர் யூஸ் பண்றீங்க?” என்று கேட்டான். ஒரு பெண் மெல்ல, “நாங்க மேசைய தொடைக்கும்போது கம்ப்யூட்டர தொடவே கூடாதும்பாங்கோ தம்பி” என்றாள். பின் வரிசையில் சிரிப்பு எழுந்தது. எதிர்வீட்டுப் பெண் சிரிக்கவில்லை. இடைவேளையில் எழுந்து போனவள் திரும்பி வரவில்லை.

அந்தச் சம்பந்தமும் நடக்கவில்லை. ஜாதகம் பொருந்தவில்லையாம். அந்தத் தாளை அவர்கள் யாரும் பார்க்கக்கூட இல்லை. அடுத்த வருஷம் ஐடி கம்பெனியில் கான்ட்ராக்டர் மாறினார். புதியவர் வேறு ஊர் ஆட்களை வைத்துக்கொண்டார். எங்கள் தெருவுக்கு வேன் வருவது ஒரே நாளில் நின்றது. அன்றைக்குச் சாயங்காலம் அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“சித்தி, வேடந்தாங்கல் பக்கம் அந்த சென்டருக்குப் போவ எத்தினி பஸ்ஸு மாறணும்?”

மூன்று என்றேன்.

“அம்மா வுடாது” என்றாள். என்னை ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. கொஞ்ச நாளில் மாமல்லபுரம் ரிசார்ட் வேனில் ஏறினாள்.

அதற்குப் பிறகுதான் செங்கல்பட்டுக்குப் போனேன். அதிகாரி அம்மாவைப் பார்க்கப் பாதி நாள் காத்திருந்தேன். உள்ளே போனதும் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கம்ப்யூட்டரில் எங்கள் ஊரைத் திறந்து, ‘அலுவலக உதவி’, ‘அலுவலக உதவி’ என்று கீழே கீழே இறங்கிக்கொண்டே போனார்.

“இத இப்ப மாத்த முடியாதும்மா. முடிவெல்லாம் ஆயிடுச்சு” என்றார். அப்புறம், “உங்க ஊர்ல மட்டுமா இப்படி, இல்ல மத்த ஊர்லயுமா?” என்று கேட்டார்.

“வேன் வர்ற ஊர்ல எல்லாம் இப்டித்தான்மா சொல்வாங்க. கேக்கற விதத்துல கேட்டா சொல்லிடுவாங்க. நான்தான் கேக்கல” என்றேன்.

அவர் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். அடுத்த கணக்கெடுப்பும் இதோ போன தை மாதம் வந்தது. தாளில் ‘என்ன வேலை’ என்ற கட்டம் இல்லை. அதற்குப் பதில், ‘நேற்று வேலையில் காலையிலிருந்து என்னென்ன செய்தீர்கள்?’ என்று இருந்தது. வேறு யாருக்காவது கொடுங்கள் என்றேன். நான்தான் எழுத வேண்டும் என்று குழுவில் சொல்லிவிட்டார்கள். சுழி போட்டேன்.

முதலில் என் வீடு. ‘புல் வெட்டினார், குப்பை வாரினார்’ என்று எழுதிப் படித்துக் காட்டினேன். வீட்டுக்காரர் தாளை வாங்கி ஒரு தடவை பார்த்தார். “அதானே பண்றேன். அப்டியே இருக்கட்டும்” என்றார்.

பிறகு எதிர்வீடு. அக்கா வாசலுக்கு வந்து, “ரிசார்ட்டுன்னு போட்டுக்க, போதும்” என்றார். இந்தத் தடவை நான் எழுதவில்லை. பேனாவைப் பிடித்தபடி அவளைப் பார்த்து, “நேத்து காலைலேர்ந்து இன்னா பண்ணே?” என்று கேட்டேன்.

“ரூம் பெருக்கினேன். பெட்ஷீட் மாத்தினேன். கக்கூஸ் கழுவினேன். மறுபடியும் கக்கூஸ் கழுவினேன். எழுது சித்தி, ஒண்ணியும் வுடாத.”

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

“பயிற்சி?” என்றேன்.

“ஆஸ்பத்திரி.”

எழுதுவதற்கு முன் அவளிடம் சொல்லியாக வேண்டும். சொன்னேன். அந்தப் பயிற்சிக்கு வயசு வரம்பு உண்டு. அவள் அதைத் தாண்டிவிட்டாள்.

“தெரியும் சித்தி. விசாரிச்சிட்டேன்” என்றாள். “கோடி வூட்டுப் பொண்ணு இப்ப பன்னெண்டாவது படிக்குதில்ல. நானு கேட்டதா எழுதினாத்தானே இங்க கேக்கறவங்க கீறாங்கன்னு அவுங்களுக்குத் தெரியும்? எழுது.”

எழுதினேன். தெருவில் மற்ற வீடுகளிலும் அப்படியே எழுதினேன். சிலர் என்னோடு இன்னும் பேசுவதில்லை.

இப்போது பழைய சத்துணவுக் கட்டடத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள். எங்கள் ஊருக்கும் ஒரு பயிற்சி மையம் வருகிறது என்கிறார்கள். அவள் தினமும் விடியற்காலையில் அதைத் தாண்டித்தான் வேனுக்குப் போகிறாள். நான் பால் வாங்க வரும்போது எதிரில் வருவாள். கட்டடத்தைத் திரும்பிப் பார்க்க மாட்டாள். என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதினேன். இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். வீடு வீடாக எழுதப் போகிற பெண்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். சொல்லும்போது எனக்காக இரக்கப்பட்டு ஒரு வார்த்தையும் சேர்க்க வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அவள் செய்த வேலைக்கு வேறு நல்ல பெயர் தேட வேண்டாம். ஒரு தடவை நான் அப்படித் தேடினேன். அவள் கழிவறை கழுவினாள், ஆஸ்பத்திரி வேலை படிக்க ஆசைப்பட்டாள், அது தெரிந்தும் நான் வேறு எழுதினேன். அப்படியே சொல்லுங்கள்.