சவுரியம்மாள் சொல்லிக்கொடுத்த வாசல் விளையாட்டு

எங்கள் பெரியம்மா சவுரியம்மாளைப் பற்றி ஆம்பூரில் யாரைக் கேட்டாலும் "டீச்சரம்மாவா? தங்கமான மனுஷி" என்பார்கள். தங்கம்தான், யார் இல்லை என்றது? அவள் பட்டதை மட்டும் ஒருத்தரும் வாயெடுத்துச் சொல்லமாட்டார்கள். நான் சொல்கிறேன்.

புருஷன் போன பிறகு, பள்ளிக்கூடம் போகாத பெண்பிள்ளைகளுக்கு வீடு வீடாகப் போய் எழுத்தும் தையலும் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தாள். அப்படித்தான் தோல் மண்டி நிசார் அஹமது வீட்டுக்குப் போனாள். அவர் பாதி நாள் மெட்ராஸில். வீட்டில் அவர் மனைவி ஜஹீருன்னிசா, ஒரே மகள் வஹீதா, ஒரு வேலைக்காரி. வஹீதாவுக்கு எட்டு வயது. தமிழ், உருது இரண்டு பாஷையும் கடகடவென்று படிப்பாள். ஆனால் வேற்று மனிதர் குரல் கேட்டால் போதும், கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள்.

அது கோஷா வீடு. ஆண்கள் வந்தால் ஜஹீருன்னிசா வாசலுக்கு வரமாட்டாள். அந்த மாதிரி வீடுகளில் வாசலுக்கும் உள்ளுக்கும் பேச்சைக் கொண்டுபோவது சின்னப் பிள்ளைகள்தான். இந்தப் பிள்ளையோ வாயே திறக்காது.

"படிப்பு கெடக்கட்டும் டீச்சரம்மா. நாலு பேர் கிட்ட பேச வெச்சிடுங்க. நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆய்ட்டா இது யாரைக் கூப்பிடும்?" என்று ஜஹீருன்னிசா அழுதாளாம்.

பெரியம்மா சும்மா விடுகிறவளா? ஒரு விளையாட்டு கண்டுபிடித்தாள். வாசல் திரைக்கு வெளியே நின்று ஒருநாள் கீரைக்காரி ஆவாள், ஒருநாள் தபால்காரர், ஒருநாள் மெட்ராஸ் விருந்தாளி. வஹீதா வந்து பதில் சொல்லவேண்டும். "தலையத் தூக்கு. மூஞ்சியப் பாரு. வாங்கன்னு சொல்லு. கேட்டா உள்ளதைச் சொல்லு." சரியாகப் பேசினால் முந்தானை முடிச்சிலிருந்து ஒரு கல்கண்டு. மெல்ல மெல்லக் குரல் வந்தது. ஆனால் பெரியம்மாவிடம் மட்டும். நிஜக் கீரைக்காரி வந்தால் மறுபடியும் கட்டிலுக்கு அடியில்தான்.

அந்த வருஷம் பிளேக் வந்தது. தோல் மண்டிகளில் எலிகள் செத்து விழுந்தன. காய்ச்சல் கண்டவர்களைப் பாலாற்றங்கரைத் தகரக் கொட்டகைக்குத் தூக்கிப்போனார்கள். போய்த் திரும்பியவர்கள் கம்மி. அதனால் வீடு வீடாகச் சோதிக்க வந்த சர்க்கார் ஆட்களிடம் ஊரே பொய் சொன்னது. "காய்ச்சலா? எங்க வீட்லயா? நல்லா கேட்டீங்க போங்க!" உள்ளே பிளேக் கட்டியோடு ஆள் முனகிக்கொண்டிருக்கும். தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் அந்தப் பொய் மனப்பாடம். வஹீதாவுக்கு மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை. அதுதான் யாரிடமும் பேசாத பிள்ளையாயிற்றே!

ஒரு காலையில் ஜஹீருன்னிசாவுக்கு நெருப்பாகக் காய்ச்சல், அக்குளில் கட்டி. வேலைக்காரி ஓடிவிட்டாள்.

"கொட்டகைக்கு மட்டும் வேணாம் டீச்சரம்மா. அன்னிய ஆம்பளைங்க தொட்டுத் தூக்குவாங்க. செத்தாலும் என் வீட்லயே சாவறேன். அவருக்குத் தந்தி குடுத்துட்டு வந்துடுங்க."

பெரியம்மா ஸ்டேஷனுக்கு ஓடினாள். போகிற அவசரத்தில் வஹீதாவிடம், "அம்மா பக்கத்துலயே இரு கண்ணு, தோ வந்துட்றேன்" என்று மட்டும் சொன்னாள்.

திரும்பி வந்தபோது கதவு திறந்து கிடந்தது. கட்டில் காலி. வீடெல்லாம் மருந்து நெடி. வஹீதா வாசலில் நின்றிருந்தாள், முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சரம்மா, நான் பேசினேன்! நெஜமான ஆளுங்க கிட்ட! ஒரு நர்சம்மா வந்தாங்க, கூட ஆம்பளைங்க. வாங்கன்னேன். மூஞ்சியப் பாத்தேன். வீட்ல யாருக்காச்சும் காய்ச்சலான்னு கேட்டாங்க. ஆமா, அம்மாவுக்கு, கட்டி வந்திருக்குன்னு உள்ளதைச் சொன்னேன். கெட்டிக்காரப் பொண்ணுன்னாங்க. அம்மாவை டாக்டர் கிட்ட கூட்டிட்டுப் போய்ட்டாங்க."

சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள். பெரியம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கல்கண்டைக் கொடுத்தாள். வேறென்ன செய்வாள், பாவி!

ஜஹீருன்னிசா கொட்டகையில் செத்துப்போனாள். வீட்டில் இருந்திருந்தாலும் பிழைத்திருக்கமாட்டாள் என்று ஊரில் சமாதானம் சொன்னார்கள். அவள் பிழைக்க வேண்டும் என்றா கேட்டாள்? தன் வீட்டில் சாகவேண்டும் என்றுதானே கேட்டாள்?

துக்கத்துக்கு வந்த அத்தைக்காரி அன்வரி பேகம் பிள்ளையின் எதிரிலேயே சொன்னாள்: "இத்தினி நாள் ஊமையா இருந்துட்டு, பேசினதும் பேசினே, பெத்தவளையே காட்டிக் குடுத்தியே!" அவள் நாக்கு அழுகிப்போக!

அதுவரை வஹீதா, அம்மா வருவாள் என்றுதான் இருந்தாள். வந்ததும் காட்டவேண்டும் என்று அந்தக் கல்கண்டைத் தின்னாமல் வைத்திருந்தாள். அத்தை சொன்னதைக் கேட்டாள். பிறகு பெரியம்மாவிடம் வந்து, உள்ளங்கையில் ஒட்டிப்போயிருந்த கல்கண்டைப் பிய்த்து அவள் கையில் வைத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போனாள்.

பெரியம்மா அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "பொய் சொல்லுன்னு சொல்லிக் குடுக்காதது என் தப்பு கண்ணு, உன் தப்பு இல்ல" என்று தினமும் சொல்வாள். சொல்லிவிட்டு ஒரு கல்கண்டை உள்ளே நீட்டுவாள்; அது அவள் கையிலேயே பிசுபிசுத்துப் போகும்.