செப்புத் தகட்டின் சிவப்புத் தோல்

பெண்பிள்ளைகளுக்குப் பௌதிகம் எதற்கு என்று கேட்டவர்களில் பாதிப் பேருக்குப் பௌதிகம் என்றால் என்னவென்று தெரியாது. மீதிப் பேர் அதைப் படிப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மட்டக்களப்பில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் விஞ்ஞான ஆசிரியை. பல்கலைக்கழகத்துக்கு முந்திய உயர்தரத்தில் பௌதிக வகுப்பு இல்லை. ஏழு பிள்ளைகள் அதற்காகக் காத்திருந்தார்கள். கல்விக் கந்தோர் அதிகாரி எங்கள் கண்காட்சியைப் பார்த்துத் திருப்திப்பட்டால் வகுப்புத் திறக்கலாம். இல்லாவிட்டால் ஏழு பேரும் மனையியல் படிக்கலாம். அதிபராக இருந்த கன்னியாஸ்திரியை மதர் என்போம். பெரிதாக ஏதும் செய்து காட்டு என்று மதர் சொல்ல, சூரிய வெளிச்சத்தில் மின்சாரம் எடுத்துக் காட்டுகிறேன் என்று வாயை விட்டேன்.

வெளிநாட்டுச் சாமான் வராத காலம். ஓட்டை விழுந்த செப்புக் கிடாரம் ஒன்றிலிருந்து தகடு வெட்டுவித்தேன். சிரட்டைக்கரி நெருப்பில் காய்ச்சினால் செம்பு செம்மஞ்சள், ஊதா, நீலம் என்று நிறம் மாறும். மேலே படியும் படலத்தின் தடிப்பை அந்த நிறமே சொல்லிவிடும். வேறு கருவி எங்களிடம் இருக்கவுமில்லை. கடைசியில் எல்லாம் கறுத்துவிடும். அவசரப்படாமல் ஆறவிட்டால் கரிய பொருக்கு உதிர்ந்து, அடியில் பழைய செங்கல் நிறத்தில் மெல்லிய தோல் ஒன்று நிற்கும். வெளிச்சத்தை மின்சாரமாக்குவது அந்தத் தோல்தான். அது கிடைப்பதற்குள் எத்தனை தகடு கருகியது என்று கேட்க வேண்டாம். எனக்குச் சமைக்கவும் தெரியாது என்று விடுதிச் சமையலறையில் முடிவு கட்டிவிட்டார்கள்.

கண்காட்சிக்கு முதல் நாள் நல்ல தகடு ஒன்று அமைந்தது. அதையும், காய்ச்சாத செப்புத் தகடு ஒன்றையும் உப்புத் தண்ணீர்ப் போத்தலில் எதிரெதிரே நிறுத்தி, மின்சாரத்தை முள்ளால் காட்டும் கல்வனோமானியோடு இணைத்தேன். வெயிலில் முள் அசைந்தது. கையால் மறைத்தேன், திரும்பியது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன். தகடுகளைக் கழுவி மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் வந்து பார்த்தால் என் சிவப்புத் தகடு பளபளவென்று மின்னியது.

"ஒரு தகடு ஊத்தையா இரிந்திச்சு புள்ள," என்றார் மதர். "கோயில் மெழுகுதிரித் தண்டோட சேத்துப் புளி போட்டு மினுக்கிட்டன்."

சிவப்புத் தோல் முழுதும் போகத் தன் கையாலேயே தேய்த்திருந்தார். விரல்களில் இன்னும் புளி மணந்தது. அவரோடு கோபிக்க முடியாததால் புனிதர் ஒருவர் விடாமல் எல்லோரோடும் மனதுக்குள் கோபித்தேன். அதற்குள் அதிகாரியின் கார் வந்துவிட்டது.

வேறு வழியில்லாமல் தகடுகளை இறக்கினேன். முள் அசைந்தது! ஒன்று புளியில் மினுக்கியது, மற்றது மங்கியது. அந்தச் சின்ன வித்தியாசம் போதும், உப்புத் தண்ணீரில் கொஞ்சம் மின்சாரம் வர. சந்தேகம் தீரக் கையால் வெயிலை மறைத்தேன். முள் நின்ற இடத்திலேயே நின்றது.

அதிகாரி குனிந்து பார்த்தார்.

"நிழல்லயும் வேல செய்யுதே. அப்ப மாரிக்கும் உதவும்."

எல்லோரும் கைதட்டினார்கள். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். கதவோரம் அந்த ஏழு பேரும் நின்றார்கள். மூடிக்கொண்டேன். வகுப்புக் கிடைத்தது.

முதல் நாளே, ஏழு பேரில் ஒருத்தி, பழுகாமத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பிள்ளை எழுந்தாள்.

"டீச்சர், நிழல்லயும் முள் அசைஞ்சிச்செண்டா, அதுல சூரியனுக்கு என்ன வேல?"

கந்தோரில் ஒருவருக்கும் வராத கேள்வி. பெருமையாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது. மதரிடம் போய்க் கொஞ்சம் புளி வாங்கி வா என்று அவளை அனுப்பினேன்.

அன்று முழுவதும் தகட்டைப் புளியில் தேய்த்து, உப்புத் தண்ணீரில் முக்கி, வெயிலிலும் நிழலிலும் முள்ளைப் பார்த்துப் பார்த்துக் கொப்பியில் குறித்தாள். முடிவு என்ற இடத்தில், இந்த மின்சாரத்துக்கும் சூரியனுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று எழுதினாள். அதிகாரிக்கு முன்னால் நான் விழுங்கிய வசனம் அது. கீழே சிவப்பு மையில் சரி போட்டுக் கையெழுத்து வைத்தேன்.