அரையிறுதி வீரர்கள், நாலு கலரில்

சேம்பிள் பையைத் தூக்கிக்கொண்டு ஆர்டர் பிடிக்கப் போகிறவனுக்குக் கால்பந்தில் சொந்த அணி இருக்கக் கூடாது. வாங்குகிறவரின் அணிதான் அவன் அணி. நீங்களும் இந்தப் பிழைப்பில் இருந்தால் தெரியும். எனக்கு வாய்த்தது கானா. சிவகாசி ஆப்செட் அச்சகம் ஒன்றின் காலண்டர்களை விற்க வருஷத்துக்கு ஒருமுறை அக்ரா போவேன். அங்கே எங்களிடம் மொத்தமாக வாங்குபவர் ஆன்ட்டி அபேனா. ஊரே அவரை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடும். அவர் கடையில் வியாபாரம் பேசமாட்டார். பக்கத்தில் குவாமே என்பவர் நடத்தும் பாரில், டிவிக்கு முன்னால், கால்பந்து ஓடும்போதுதான் பேசுவார்.

புகை

நான் போன அன்று ஆப்பிரிக்கக் கோப்பையில் கானா ஆடிக்கொண்டிருந்தது. முதல் கோல் விழுந்ததும் பார் மொத்தமும் எழுந்து கத்தியது. வெளியே யாரோ வெடி போட்டார்கள். அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் தெருவில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், காதில் போன். மறுமுனையில் சிவகாசிப் பக்கத்து நாரணாபுரத்திலிருந்து என் தங்கச்சி, "இங்க ஒண்ணும் இல்லண்ணே, தோசை சுட்டுக்கிட்டிருக்கேன். நீ எங்கன இருக்க?" என்றாள். அவள் பட்டாசு யூனிட்டில் வேலை செய்கிறவள்.

உள்ளே வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். பட்டாசு ஊர்க்காரன் வெடிக்குப் பயப்படுகிறான் என்று கேலி. நான் சொன்னேன்: எங்கள் பக்கம் நேரங்கெட்ட நேரத்தில் பெரிய சத்தம் கேட்டால் முதலில் புகை எந்தத் திசையில் என்று பார்ப்போம், பிறகு வேலைக்குப் போனவர்களுக்குப் போன் அடிப்போம். சிரிப்பு நின்றது. குவாமே என் தட்டைத் துடைத்து, பொரித்த மீனைத் திருப்பி வைத்தார்.

"இங்கே வெடித்தால் கோல் மட்டும்தான், தம்பி. உட்கார், மீன் ஆறுகிறது."

பவுடர் பூசிய அணி

அந்த ஆட்டத்தில் ஜெயித்து கானா காலிறுதிக்கு வந்தது. அங்கேயே ஆன்ட்டி அபேனா பேரத்தைப் பேசி முடித்தார். காலிறுதியில் ஜெயித்து அரையிறுதிக்குப் போனால் வரும் வருஷக் காலண்டர் முழுக்க அணியின் படம், வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஆர்டர். தோற்றால் பழைய பூப்படம், அதுவும் பாதி. மாதிரி ஒன்று தயாராக இருக்கட்டும் என்றார். நான் அன்றே சிவகாசிக்குச் சொல்லிவிட்டேன். மறுநாள் மாதிரி வந்தது. பாரில் பெருமையாகப் போனை நீட்டினேன்.

போன் கைக்குக் கை மாறிப் போனது. கோல்கீப்பரைக் காட்டி ஒருவர் இது யார் என்று கேட்டார். அப்போதுதான் நானும் பார்த்தேன். எங்கள் ஊரில் படத்தில் யார் இருந்தாலும், கல்யாண மாப்பிள்ளையோ, கவுன்சிலரோ, கண்ணீர் அஞ்சலித் தாத்தாவோ, முகத்தைச் சந்தன நிறத்துக்குக் கொண்டுவந்து கன்னத்தில் லேசாக ரோஜா போட்டுவிடுவார்கள். யாரும் சொல்ல வேண்டியதில்லை, கை தானாகப் போகும். கானா அணி பதினோரு பேரும் காரைக்குடிப் பக்கத்து மாப்பிள்ளைகள் மாதிரி நின்றார்கள். ஆன்ட்டி அபேனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"எங்கள் பையன்களுக்கு என்ன நோய்?"

செல்வியிடம் வந்த புது ஆர்டர்

கலர் திருத்துவது செல்வி. எங்கள் கம்பெனியில் அவள் தொடாமல் எந்த முகமும் மிஷினுக்குப் போகாது. போன் போட்டேன்.

"ஏம்மா, ஏன் வெளுத்த?"

"வெளுக்கலயே அண்ணாச்சி, லட்சணமா ஆக்குனேன்."

"அவுக லட்சணமாத்தான் இருக்காக. அப்படியே விடு."

பிறகு, வெயில் பட்டால் கருப்பில் நீலம் அடிக்கும், அதையாவது எடுக்கட்டுமா என்றாள். எடுக்காதே என்றேன். சாயங்காலம் புதுப் படம் வந்தது. நெற்றி வேர்வை மினுங்க, எலும்பு தெரிய, நிஜமான முகங்கள். குவாமே அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, ஒவ்வொருவர் பெயராகச் சொன்னார். நான் செல்விக்கு நன்றி சொன்னேன்.

"இம்புட்டு வருசமா வெளுக்கத்தான் சொல்லிக் குடுத்தாக அண்ணாச்சி. உள்ளது உள்ளபடி விடச் சொன்ன மொத ஆளு நீங்கதான், என் கலியாணப் போட்டோவக்கூட நானே வெளுத்துட்டேன்."

மிஷின் சும்மா நிற்கக் கூடாது

காலிறுதி அன்று காலை முதலாளியிடமிருந்து ஒரு வீடியோ. மிஷின் ஓடுகிறது. தாள் தாளாக வந்து விழுகிறது, கானா அணி. மேலே தங்க எழுத்தில் 'அரையிறுதி வீரர்கள்'. ஆட்டம் தொடங்கவே இன்னும் அரைநாள் இருந்தது. இது வேறு எவரிடமும் விற்க முடியாத சரக்கு. தோற்றால் பழைய பேப்பர். அதோடு சேர்த்து என்னையும் முதலாளி எடைக்குப் போட்டுவிடுவார். உடனே அவருக்குப் போன் போட்டேன்.

"அண்ணாச்சி, இன்னும் ஆடவே இல்லயே!"

"ஏலே, மிஷின் சும்மா நிக்குதுலே. நாளக்கழிச்சு பட்டாசு லேபிள் லோடு ஏறிரும், அப்புறம் தீவாளி வரைக்கும் இடம் கெடையாது. ஓட்டிட்டேன்."

"தோத்துட்டா?"

"தோக்குற டீமுக்கு எதுக்குலே நீ ஆர்டர் பிடிச்ச?"

காலிறுதி

வியர்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பாதி ஆட்டம் முடியும்போது கானா ஒரு கோல் பின்னால். பார் இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. ஆன்ட்டி அபேனா சோடாவை உறிஞ்சியபடி, இந்த முறை பூப்படத்தில் செம்பருத்தி வேண்டாம் என்றார். நான் விருதுநகர் மாரியம்மனுக்கு ஒரு அக்கினிச்சட்டி நேர்ந்துகொண்டேன். பக்கத்து மேஜைப் பெண் ஏசுவிடம் சத்தமாகவே சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். யார் கேட்டாலும் சரி என்றிருந்தது எனக்கு.

இரண்டாம் பாதியில் ஒரு கோல் திரும்பி வந்தது. பிறகு, முடியப்போகிற நேரத்தில், மூலையிலிருந்து தூக்கியடித்த பந்து உயர்ந்து வந்தது. செல்வி நெற்றி வேர்வையை விட்டுவைத்த முகங்களில் ஒருவரான தடுப்பாட்டக்காரர் எல்லோருக்கும் மேலே எழும்பித் தலையால் முட்டினார். வலை ஆடியது. என்னை யாரோ தூக்கினார்கள். குவாமே கல்லாவை விட்டுவிட்டு மேஜைமேல் ஏறி ஆடினார். நான் அழுதேன் என்று பிறகு சொன்னார்கள். ஒரு அந்நியன் தங்கள் அணிக்காக அழுததில் அவர்களுக்கு மகா சந்தோஷம். நான் காரணத்தைச் சொல்லவில்லை, போனை எடுத்து வீடியோவைக் காட்டினேன்.

தங்க எழுத்தைப் படித்தார்கள். எப்போது ஓட்டியது என்று கேட்டார்கள். காலையில் என்றேன். கூரை பிய்ந்தது. நாங்களே நம்பாதபோது நம்பிய ஊர் எது என்று ஒருவர் கேட்க, பார் முழுக்க "சிவகாசி, சிவகாசி" என்று பந்தாட்டக் கூச்சலில் கத்தினார்கள். ஆன்ட்டி அபேனா மட்டும் வீடியோவை இரண்டாம் முறை ஓடவிட்டு, முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஆர்டரை இரண்டு மடங்கிலிருந்து மூன்றாக்கினார். போனைத் திருப்பித் தரும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"உன் முதலாளியிடம் சொல், இறுதி ஆட்டத்துக்கு மட்டும் இப்போதே அடிக்க வேண்டாம், ஆண்டவரும் கொஞ்சம் ஆட்டம் பார்க்கட்டும்."

சிவகாசியில் காலையிலேயே அச்சாகிவிட்ட வெற்றியைச் சாயங்காலம் பதினோரு பேர் ஓடி ஓடிப் பிடித்தார்கள், ஆனால் ஆர்டரைப் பிடித்தவன் என்று எங்கள் கம்பெனியில் இன்றும் என்னைத்தான் சொல்கிறார்கள்.