லாரி வருதுங்க

இன்று சமையலறையில் வினிகர் கொட்டிவிட்டது. படம் கழுவும் மருந்தின் அதே புளித்த வாடை. சிம்பாங் ரெங்கம் ஊரில், இப்போது சாலைக்கடியில் போய்விட்ட எங்கள் வீட்டுக் குளியலறையில், அப்பா தண்ணீர்த் தொட்டிமேல் பலகை போட்டு, அதன்மேல் என்லார்ஜரை நிறுத்தி, ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்துப் படங்களைப் பெரிதாக்குவார். தோட்டத்திலிருந்து செம்பனைக் குலை ஏற்றிய லாரி போனால் பலகை அதிர்ந்து படம் கலங்கிவிடும் என்று, அம்மா வாசலில் நின்று, "லாரி வருதுங்க!" என்று கத்துவார், அப்பா விளக்கை அணைத்துக் காத்திருப்பார்.

அம்மா இறந்த மறுநாள் அப்பா அவர் படத்தைப் பெரிதாக்கினார். வாசலில் நான் நின்றேன். லாரி வந்தது. வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. படத்தில் கலங்கியிருந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து, "இதுவே இருக்கட்டும்மா," என்றார் அப்பா.

அந்தப் படம் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. வெளியே லாரி போனால் இன்றும் என் வாய் தானாகத் திறந்துகொள்கிறது.