எடில்சாவின் மூன்று தட்டு

மாட்டுமீனை, அதாவது ஆற்றிலும் ஏரியிலும் புல் மேயும் கடற்பசுவை, பார்க்க வேண்டும் என்று கழுத்தில் கேமராவோடு யாராவது எங்கள் ஏரியில் வந்து இறங்கினால் போதும், எடில்சாவுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். மானவுஸ் நகரத்துக்குப் போங்கள், அங்கே கண்ணாடித் தொட்டிக்குள் உருண்டு புரளும், ஆசை தீரப் பாருங்கள் என்று அனுப்பிவிடுவாள். ஏரியில்தானே இருக்கிறது, இங்கே பார்க்க முடியாதா என்று விடாமல் கேட்பவர்களுக்குத் தண்ணீரில் மிதக்கும் கடித்த புல்லைக் காட்டுவாள். முணுமுணுத்துக்கொண்டு திரும்பிப் போகிறவர்களுக்கு அவள் பட்ட பாடு எங்கே தெரியும்?

எடில்சா ஈட்டிக்காரர் வீட்டுப் பெண். அவள் அப்பா எறிந்த ஈட்டி தப்பியதாக இங்கே ஒருவரும் சொன்னதில்லை. மாட்டுமீன் கறியை அதன் கொழுப்பிலேயே பொரித்து, மரவள்ளி மாவோடு பிசைந்து தின்று வளர்ந்த உடம்புதான் அவளுடையது. வேட்டையாடக் கூடாது என்று சட்டம் வந்ததும் அவள் அண்ணன் நாசில்டோ ஈட்டியைக் கூரை ஓலையில் செருகினான். செருகாதவர்களும் இருக்கிறார்கள். யார் யார் என்று ஊருக்கே தெரியும், யாரும் வாயைத் திறப்பதில்லை.

புருஷன் இறந்த வருடம் அவளுக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்தது. தாயை இழந்து மீன்வலையில் சிக்கிய மாட்டுமீன் குட்டி ஒன்று, ஏரியில் பலகை அடைத்த மிதக்கும் கூண்டில் கிடந்தது. அதற்குப் புட்டிப்பால் கொடுக்க வேண்டும். சுரைக்குடுவையை இங்கே கூயா என்போம்; குட்டியின் தலை அது மாதிரி இருந்ததால் அதையே பெயராக வைத்தாள். குட்டியோ புட்டியைக் கண்டாலே அடியில் போய்ப் பதுங்கியது. பத்து நாள் பட்டினி. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. என்ன செய்வதென்று தெரியாமல், வீட்டு வாத்துகளைத் தீனிக்குக் கூப்பிடுகிற மாதிரி, துடுப்பால் படகின் விளிம்பில் மூன்று தட்டு தட்டினாள். மறுநாளும் தட்டினாள். மூன்றாம் நாள் கூயா மேலே வந்து புட்டியைக் கவ்வியது. அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நிலையத்தில் இருந்த டாக்டர் லீவியா நகரத்துப் பெண், அவளும் கைதட்டிச் சிரித்தாள்.

இரண்டு வருடம் அப்படியே ஓடியது. பாலை நிறுத்திப் புல்லுக்குப் பழக்கியாயிற்று. ஆனாலும் தட்டினால் கூயா வந்து படகோடு உரசும். வெள்ளம் ஏறியதும் ஏரியில் விட்டுவிடலாம் என்று டாக்டர் நாள் குறித்தாள். அதைக் கேட்டு நாசில்டோ பார்க்க வந்தான். எடில்சா பெருமையாகப் படகில் தட்டிக் காட்டினாள். குட்டி ஓடி வந்தது. அண்ணன் முகம் செத்துப் போயிற்று.

“என்ன காரியம் பண்ணி வச்சிருக்க புள்ள? நம்ம அப்பா துடுப்பத் தண்ணிய விட்டுத் தூக்குனதே கெடையாது, மறந்துட்டியா? படகுல நகம் பட்டாக்கூட அதுக்குக் கேட்டுரும், ஓடிரும். நீ என்னடான்னா படகுச் சத்தம்னா பாலுன்னு சொல்லிக் குடுத்திருக்க. இனிமே ஈட்டிக்காரன் தேடி அலைய வேண்டாம். தட்டுனாப் போதும்.”

எடில்சா துடுப்பைக் கீழே போட்டாள். டாக்டருக்குத் தெரியாது, சரி. ஈட்டிக்காரன் மகளுக்குத் தெரியாமல் போகலாமா? அன்றிலிருந்து எந்தப் படகு எந்தக் கரையில் மோதினாலும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொன்னால் குட்டியை மானவுஸ் தொட்டிக்கு அனுப்பிவிடுவார்களோ என்று நாலு நாள் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தாள். அந்தத் தொட்டியை அவள் ஒருமுறை பார்த்திருக்கிறாள். அங்கே ஒரு மாட்டுமீன் ஒரே சுவரை ஒட்டி ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஐந்தாம் நாள் பயம் தாங்காமல் டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். டாக்டர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

“பதினெட்டு நாள்தான் இருக்கு, எடில்சாக்கா. அதுக்குள்ள அது படகக் கண்டு பயப்படணும். இல்லன்னா காலம் பூரா தொட்டிதான்.”

நாசில்டோ நீளக் கழியின் நுனியில் துணியைச் சுற்றிக்கொண்டு தன் படகில் வந்தான். தட்டினான். கூயா வந்தது. முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். கரையில் நின்ற எடில்சா காதைப் பொத்திக்கொண்டாள். மூன்றே நாளில் அண்ணன் படகின் நிழல் தெரிந்தாலே குட்டி அடியில் ஒடுங்கியது. அப்பாடா என்று மூச்சு விட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று தன் படகில் போய்த் தட்டிப் பார்த்தாள். வந்துவிட்டது. எப்போதும் போல மூக்கைத் தூக்கிக்கொண்டு, படகோடு உரசிக்கொண்டு வந்து நின்றது.

“அது படகுக்குப் பயப்படல. எனக்குத்தான் பயப்படுது,” என்றான் நாசில்டோ. “அடி உன் படகுலேருந்து விழணும். உன் கையால விழணும்.”

முடியாது என்று அழுதாள், சண்டை போட்டாள். அண்ணன் கழியை அவள் படகில் வைத்துவிட்டுப் போய்விட்டான். மறுநாள் காலையில் எடில்சா போனாள், தட்டினாள். கூயா வந்து தாடையைப் படகின் விளிம்பில் சாய்த்தது. அவள் கண்ணை மூடவில்லை, மூடினால் தலையில் பட்டுவிடும். முதுகில் அடித்தாள். குட்டி விலகியது, போகவில்லை. சற்றுத் தள்ளி நின்று அவளைப் பார்த்தது. திரும்பவும் வந்தது. திரும்பவும் அடித்தாள். எட்டு நாள் அடித்தாள். ஒன்பதாம் நாள் தட்டிவிட்டு வெகுநேரம் காத்திருந்தாள், வரவில்லை. பத்து, பதினொன்று, வரவில்லை. டாக்டர் குறித்திருந்த நாளில், இருக்கும் இடத்தைக் காட்டும் சமிக்ஞைப் பட்டையை வாலில் கட்டிக் கூயாவை ஏரியில் விட்டார்கள்.

பயம் அதோடு தீரவில்லை. அடி மறந்து பால் ஞாபகம் வந்துவிட்டால்? இரண்டு மாதம் கழித்து, பட்டையின் சமிக்ஞை இரண்டு நாளாக ஒரே இடத்தில் நிற்கிறது என்றாள் டாக்டர். ஈட்டியைச் செருகாத வீடுகள் இருக்கும் ஓடை அது. கறியை வெட்டிப் பங்கு போட்டிருப்பார்கள், பட்டையைத் தூக்கி எறிந்திருப்பார்கள் என்றே எடில்சா நினைத்தாள். யாரையும் கேட்காமல் தனியாகப் படகை எடுத்தாள். துடுப்பைத் தண்ணீரை விட்டுத் தூக்காமல், அப்பா போவது போல, மூழ்கிய மரங்களுக்கு நடுவே நுழைந்தாள்.

புல்திட்டு ஒன்று அசைந்தது. ஒரு மூக்கு மேலே வந்து மூச்சு விட்டது. பக்கத்தில் பட்டையின் கம்பி ஆடியது. உயிரோடுதான் இருந்தது, நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. கொழுத்தும் இருந்தது. எடில்சாவுக்கும் அதற்கும் நடுவே பத்து முழம்கூட இருக்காது. ஒருமுறை கிட்ட வராதா என்று மனசு அடித்துக்கொண்டது. வந்துவிட்டால் என்ன ஆகும் என்று உடம்பெல்லாம் வேர்த்தது. படகுச் சத்தத்துக்கு இன்னும் பயப்படுகிறதா என்று தெரிந்துகொள்ளாமல் வீட்டுக்குப் போகவும் முடியாது. துடுப்பைத் தூக்கி விளிம்பில் ஒரு தட்டு தட்டினாள்.

இரண்டாவது தட்டுக்குத் துடுப்பு இறங்குவதற்குள் தண்ணீர் வெடித்துச் சிதறியது. படகு ஆடியது. புல்லும் சேறும் கலங்கிச் சுழன்றன, கூயா இல்லை. எடில்சா துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு, நனைந்த முகத்தைத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தாள். கலங்கல் அடங்கித் தண்ணீர் தெளியும் வரை பார்த்தாள். அது திரும்பி வரவில்லை.