தோணியில் ஏற்றாத பெயர்

என் பெயர் யோனா. இந்தக் காலத்துப் பிள்ளைகள் கைபேசியில் தட்டிப் பார்த்துவிட்டு, "அங்கிள், உங்கட பேருக்குப் புறா எண்டு அர்த்தமாம்" என்கிறார்கள். அந்த அர்த்தம் கையில் கிடைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எட்டு வயதில் எனக்கு இருந்த ஒரே ஆசை, மாமாவின் தோணியில் ஏறி வாவிக்குள் றால் பிடிக்கப் போவது. மாமா அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். அப்பா, நான் பிறக்குமுன்னே மாங்கேணிப் பக்கம் கடலுக்குப் போனவர். வீட்டில் அவரைப் பற்றிய பேச்செல்லாம் "போனவர்" என்பதோடு நின்றுவிடும். என் ஆய்க்கினை தாங்காமல், விடுமுறை வரட்டும் பார்ப்போம் என்று மாமா ஒருநாள் வாய்விட்டுவிட்டார். நான் முற்றத்தில் குந்தி, அகப்பையால் துடுப்புப் போட்டுப் பழகத் தொடங்கினேன்.

விடுமுறையின் முதல் ஞாயிறு, வேதக்கோயில் வகுப்பில் என் பெயர்க்காரரின் கதையைச் சொன்னார்கள். ஆண்டவர் ஓர் ஊருக்குப் போகச் சொல்ல, வேறோர் ஊருக்குக் கப்பலேறிய ஆள். புயல் வந்தது. இவரால்தான் வந்தது என்று சீட்டுப் போட்டுக் கண்டுபிடித்துக் கடலில் தூக்கிப் போட்டார்கள். பெரிய மீனொன்று விழுங்கி, பிறகு கரையில் கக்கியது. வேதப் புத்தகத்தில் என் பெயர்! பின்னேரமே மாமாவும் தோணிக்காரக் கூட்டாளிகளும் பார்க்க, பாயைச் சுருட்டி மீனாக்கி முழுக்கதையையும் நடித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா மட்டும், மீன் கக்கின இடத்தை இன்னொருதரம் காட்டச் சொன்னார்.

மறுநாள் விடிய அகப்பையோடு துறைக்குப் போனால், மாமா தோணியைத் தள்ளாமல் என்னையே பார்த்தார்.

"மருமகன், நீங்க ஏறினாக் காத்துக் கிளம்பும். மறுகா உங்களத் தூக்கிப் போடச் சொல்லி இவனுகள் நிப்பானுகள்."

பக்கத்துத் தோணிக்காரர் விடுவாரா? "ஆத்தில போட்டாலும் அளந்து போடோணும் மச்சான். பொறு, றால் நிறுக்கிற தராசக் கொண்டு வாறன்."

துறையே சிரித்தது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? அன்று நான் வீதியால் போனபோது, பெண்கள் காயப்போட்ட துணியை அள்ளினார்கள். மழை வருமாம்.

அழுதுகொண்டு போதகரிடம் ஓடி, வேறு பெயர் கேட்டேன். பேதுரு என்றால் நல்லது, அவர் தோணிக்காரர் என்று யோசனையும் சொன்னேன். பேதுருவின் தகப்பன் பெயரே யோனாதான் என்று அவர் அந்த வாசலை அடைத்துவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, யூதர்களின் பழைய பாஷையில் யோனா என்றால் புறா என்றார். நோவாவின் பேழையிலிருந்து பறந்துபோய் இலை கொண்டுவந்ததே, அதே புறா.

வழக்கில் வென்றவன்போல வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் என் தலைக்கு மேலால் அம்மாவைப் பார்த்தார். திருவலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றிருந்தது.

"அந்தப் புறா என்ன செஞ்சது?" என்று மாமா கேட்டார்.

"கரை இருக்கெண்டு காட்டினது."

"அப்ப புறாக்குத் தோணிக்குள்ள என்ன வேல? கரையில நில்லுங்க மருமகன். உங்களப் பாத்துத்தானே நாங்க கரைக்குக் கிறுகி வரோணும்."

தேங்காய் துருவும் சத்தம் மறுபடி கேட்டது.

தோற்றுப்போனேன் என்றே எனக்கு விளங்கவில்லை. பெரிய உத்தியோகம் கிடைத்ததாக நினைத்தேன். விடுமுறை முழுக்கக் கையிரண்டையும் விரித்துத் துறையில் புறாவாக நின்றேன். தோணிகள் திரும்பி வந்தன. என்னால்தான் வருகின்றன என்று நம்பினேன்.

மாமா காற்றுக்கோ பெயருக்கோ பயந்த ஆளில்லை. அப்பா போனபிறகு அந்தப் பெயரை எனக்குத் தேடி வைத்தது அம்மா என்பதும் தெரிந்ததுதான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அப்போது எங்கே புத்தி? பின்னேரங்களில் அம்மா பாயை எடுத்து வந்து, மீன் கக்கின இடத்தைத் திரும்பவும் நடிக்கச் சொல்வார். எனக்கு அலுப்பாக இருக்கும். எனக்குப் பிடித்ததோ, மீன் விழுங்குகிற இடம்.