காடைக் குஞ்சுகளுக்கு ஒரு குண்டு பல்பு

காடைக் குஞ்சுகள் வந்த அன்று காலையிலிருந்தே மழை. மாட்டுக் கொட்டகையின் ஒரு மூலையை அட்டையால் வட்டமாக அடைத்து, உமி பரப்பி, மேலே சாக்கு விரித்து, குஞ்சுகள் மூழ்கிவிடாதபடி தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களும் போட்டு வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். காடை வளர்ப்பதும் என் யோசனைதான்.

சூட்டுக்காகப் பல்பு கட்டியது அப்பா. கொட்டகை பளீரென்று இருந்தது. ஆனால் கட்டைவிரல் அளவேயான குஞ்சுகள் நடுங்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிக்கொண்டிருந்தன. பல்பின் அருகே கையை நீட்டினேன். எல்இடி. வெளிச்சம்தான் இருந்தது, சூடு இல்லை. அப்படியே விட்டால் அடியில் இருப்பவை செத்துப்போகும்.

புவனகிரியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். "குண்டு பல்பா? அதெல்லாம் இப்ப யாரும்மா வாங்குறாங்க!" என்று சிரித்தார்கள். நனைந்து வெறுங்கையோடு திரும்பினால், அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"எம்எஸ்சி படிச்ச பொண்ணு, காடைக்கு பல்பு தேடி ஊரச் சுத்துது!"

"வேற யாரு தேடுவா? நீ தேடுறியா?"

அம்மா முறைத்தாள். பிறகு அப்பா பக்கம் திரும்பி, "இந்தாங்க, வயல்ல மோட்டார் கொட்டாயில பழைய பல்பு ஒண்ணு தொங்குதே, அதக் கழட்டியாங்க" என்றாள்.

அதை மாட்டிய சற்று நேரத்தில் குஞ்சுகள் விலகி, சாக்கின்மேல் காலை நீட்டிப் படுத்தன. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்ட நினைத்தேன். எழத் தெம்பில்லை. ஈரத் துணியோடு அந்தச் சூட்டின் பக்கத்திலேயே நானும் உட்கார்ந்துவிட்டேன்.